காவலர் ஒருவரின் தனிப்பட்ட தொல்லையை எதிர்கொள்வது எப்படி: கொங்குப் பகுதியினருக்கான வழிகாட்டி

இந்தக் கட்டுரை யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மீது எந்த வழக்கும் பதிவாகவில்லை. அல்லது பதிவான வழக்குக்கும் நடப்பதற்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட காவலரோ உதவி ஆய்வாளரோ உங்களை நிலையத்துக்கு வரவழைத்து மணிக்கணக்கில் உட்கார வைக்கிறார். கடை வாசலில் வண்டியை நிறுத்தி வாடிக்கையாளர் முன்னால் ஒருமையில் பேசுகிறார். எதிராளிக்காக இடத்தையோ பணத்தையோ விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். பெண்ணாக இருந்தால், புகார் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொண்ட எண்ணுக்கு இரவில் வேண்டாத செய்திகளை அனுப்புகிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உண்மையாகவே ஒரு குற்ற வழக்கில் கைதாகும் நிலையில் இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் வழக்கறிஞரிடம் போய்விடுவது நல்லது.

எனக்கு நேர்ந்தது, தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம் பற்றிய பங்காளித் தகராறில். எதிர்த் தரப்புக்கு வேண்டிய ஓர் உதவி ஆய்வாளர் அதைத் தன் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டார். அதிலிருந்து மீள்வதற்குள் பல அலுவலகங்களின் வாசலில் காத்திருக்க நேர்ந்தது. அந்த அலைச்சலில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நடப்பதெல்லாம் வாய்வார்த்தையாக இருக்கும்வரை அவர் கைதான் ஓங்கியிருக்கும், அது தேதியிட்ட தாளாக மாறிவிட்டால், அவர் தன் மேலதிகாரிக்குப் பதில் எழுதியாக வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அப்படி ஒரு தாளை உண்டாக்குவதற்கானது.

1. "சித்த ஸ்டேசன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்று அழைத்தால்

தொல்லை பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கும். தெரியாத எண்ணிலிருந்து ஏட்டு ஒருவர் பேசுவார்: "அய்யா கூப்பிடறாருங்க, சித்த ஸ்டேசன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." எதற்கு என்று கேட்டால், "வந்தாத் தெரியுமுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த இடத்தில் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது, போனை அணைத்து வைக்கவும் கூடாது. பலமுறை அழைத்தும் ஒத்துழைக்கவில்லை என்று பிற்பாடு எழுதிக்கொள்ள அதுவே அவர்களுக்குப் போதும். "வர்றேனுங்க. எந்த மனுவுன்னு நம்பர் போட்டு ஒரு நோட்டீசு குடுத்துட்டீங்கன்னா அந்த நேரத்துக்கு வந்தர்றேனுங்க" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, அதையே குறுஞ்செய்தியாகவும் அந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்.

நோட்டீசு கேட்பதைத் திமிர் என்று சிலர் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (இனி பி.என்.எஸ்.எஸ். என்று குறிப்பிடுகிறேன்) 179ஆம் பிரிவின்படி, சாட்சியாக ஒருவரை அழைக்க எழுத்துமூலமான ஆணை வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரைக் கைது செய்யாமல் அழைப்பதற்கு 35(3)ஆம் பிரிவின் கீழ் நோட்டீசு வேண்டும். அந்த நோட்டீசை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. பெண்களையும், 15 வயது நிரம்பாத, 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வெளியே சாட்சி விசாரணைக்கு வரும்படி கட்டாயப்படுத்த 179 இடம் தருவதில்லை. அதை மீறி வரச்சொல்லும் காவலருக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 199ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. வழக்கு எதுவும் இல்லாத வெறும் மனு விசாரணை என்றால் சி.எஸ்.ஆர். எண்ணைக் கேளுங்கள். நிலையத்தில் மனு வாங்கிக்கொண்டதற்குக் கொடுக்கும் ரசீதின் எண் அது. எண் இல்லையென்றால் மனுவும் இல்லை.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தனியாகப் போகாதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வீட்டில் ஒருவருக்கு நேரத்தைச் செய்தியாக அனுப்புங்கள். வெற்றுத்தாளில் மட்டுமன்றி, எழுதிய தாளிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கு விசாரணையில் காவலர் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது பி.என்.எஸ்.எஸ். 181. அதைவிட முக்கியம், குரலை உயர்த்தாமல் இருப்பது. அவர் உங்களைச் சீண்டுவதே நீங்கள் எகிற வேண்டும் என்பதற்காகத்தான் இருக்கும். நீங்கள் கையை நீட்டிப் பேசினாலும், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்கியதாக பி.என்.எஸ். 132ஆம் பிரிவில் பிணையில் விட முடியாத வழக்கு ஒன்றைப் போட்டுவிட முடியும்.

2. அன்றன்றே குறிப்பெழுதுங்கள்

பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், இடம், வந்தவரின் பெயர், பதவி, வண்டி எண், அவர் சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்று இரவே எழுதிவிடுங்கள். "மோசமாகப் பேசினார்" என்று எழுதாமல், கேட்கக் கூசும் சொல்லாக இருந்தாலும் அவர் பேசியதை அப்படியே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் சட்டையில் இருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீருடை இல்லாமல் வந்தார் என்றால் அதுவும் ஒரு தகவல்தான். அதையும் எழுத வேண்டும்.

அடுத்தது கேமரா. நம் ஊர்களில் காவல் நிலையத்துக்கு எதிரில் ஒரு பேக்கரி இல்லாமல் இருக்காது. அந்த பேக்கரியில் கேமரா இல்லாமலும் இருக்காது. உங்கள் கடை, பக்கத்துக் கடை, பேக்கரி என்று எதில் பதிவாகியிருந்தாலும் அந்த வாரத்துக்குள்ளேயே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சிறிய கடைகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கடைக்காரர் தயங்கினால், நாள்பட்டபின் அவர் மனம் மாறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பதிவைக் கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடலாம். நிலையத்துக்குள் நடந்தது என்றால், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்திப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது சேமிக்க வேண்டும் என்ற 2020 டிசம்பர் மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. நீங்கள் உள்ளே இருந்த நேரத்தைக் குறிப்பிட்டு அந்தப் பதிவைக் கேளுங்கள். கேமரா பழுதாகிவிட்டது என்ற பதில் வரக்கூடும். அந்தப் பதிலும் எழுத்தில் வந்தால் பயன்படும்.

தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்திருந்தால் வெட்டி ஒட்டாதீர்கள். பேச்சு பதிவான போனையே பத்திரப்படுத்துங்கள். புதுப் போன் வாங்கும்போது பழையதை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதை வழக்கறிஞர் தயாரித்துக்கொள்வார். செய்திகள் வருகின்றன என்றால், அந்த எண்ணைத் தடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துவிடுங்கள்.

3. அடி விழுந்திருந்தால் முதலில் அரசு மருத்துவமனை

மனுவெல்லாம் பிறகு. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். "ஏ.ஆர். காப்பி" என்று கேட்டால் அங்கே எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் எப்படிக் காயம் ஏற்பட்டது என்று கேட்கும்போது பயத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுபவர்கள் அதிகம். சில சமயம் உடன் வந்த காவலரே அப்படிச் சொல்லச் சொல்வார். அந்த ஒரு வரி பதிவாகிவிட்டால் பிறகு எந்த ஆணையத்திலும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு, யார், எதைக் கொண்டு அடித்தார் என்று சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். காவலில் வைத்து அடித்தார்கள் என்றால் கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ தனியாக ஒரு மனு கொடுங்கள். கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சி, தாராபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களிலேயே அந்த அலுவலகங்கள் இருப்பதால் மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல் நிலையாணை 151இன்படி இத்தகைய புகார்களை வருவாய்த்துறை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

4. மனுவை எழுதுவது

இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கைவசம் உள்ள "மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி, வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டு" என்ற வாசகத்தைப் படித்துப் படித்து அதிகாரிகளின் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. உங்களுக்கு நடந்ததை நீங்களே எழுதுங்கள். ஒரு தறிக்காரர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"கடந்த 12ஆம் தேதி மாலை 6.40 மணிக்கு மேற்படி உதவி ஆய்வாளர் எனது தறிக்கூடத்துக்குச் சாதாரண உடையில் வந்து, 'நாளைக்குள்ள எழுதிக் குடுக்கலீன்னா உம்பையன் மேல கஞ்சா கேசு போட்டுருவேன்' என்று கூறினார். அப்போது பாவு பிணைத்துக்கொண்டிருந்த இரு தொழிலாளர்கள் உடனிருந்தனர்."

இந்த இரண்டு வாக்கியங்களை ஒதுக்கித் தள்ள எந்த அதிகாரிக்கும் மனம் வராது. மனுவில் இவ்வாறு ஐந்தாறு நிகழ்வுகளை வரிசை எண்ணிட்டு எழுதுங்கள். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

பலரும் சறுக்குவது, தகராற்றின் வரலாற்றைத் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து தொடங்குவதில்தான். நான்காம் பக்கத்தில்தான் காவலர் பெயரே வரும். படிக்கும் அதிகாரி முதல் பக்கத்திலேயே "சொத்துப் பிரச்சினை, சிவில் நீதிமன்றத்தை அணுகவும்" என்று எழுதி முடித்துவிடுவார். தகராற்றுக்கு ஒரே வாக்கியம் போதும்: "எனக்கும் என் பங்காளிக்கும் தடம் தொடர்பாக உரிமையியல் தகராறு உள்ளது." அடுத்த வாக்கியத்திலேயே காவலர் வந்துவிட வேண்டும். அதேபோல ஒட்டுமொத்த நிலையத்தையும் குற்றம் சாட்டாதீர்கள். யார் தொல்லை கொடுக்கிறாரோ அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களில் சிலர் நாளை விசாரணையில் உண்மையைச் சொல்லக்கூடும். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். பொய்யான தகவல் கொடுத்தால் அது பி.என்.எஸ். 217இன் கீழ் உங்கள் மீதே திரும்பும்.

கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: நிலையத்துக்கு அழைப்பதானால் எழுத்துமூலம் அழைக்க வேண்டும், உரிமையியல் தகராற்றில் அவர் தலையிடக் கூடாது, விசாரணையை அந்த நிலையத்தைச் சேராத அதிகாரியிடம் தர வேண்டும், கேமரா பதிவைப் பாதுகாக்க வேண்டும். ஆதார் நகல், குறிப்புகளின் நகல், செய்திகளின் அச்சுப்படி, ஏ.ஆர். நகல், சிவில் வழக்கு இருந்தால் அதன் எண் ஆகியவற்றை இணைத்து, இணைப்புப் பட்டியலும் போடுங்கள். அசல் எதையும் கொடுக்காதீர்கள்.

5. யாரிடம் கொடுப்பது

கோவை, திருப்பூர், சேலம் ஆகிய மூன்று மாநகரங்களிலும் காவல் ஆணையரகம் இருக்கிறது. உங்கள் நிலையம் அதன் எல்லைக்குள் இருந்தால் ஆணையரிடமும், இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் மனு போக வேண்டும். அவிநாசிக்காரர் திருப்பூர் ஆணையரகத்துக்குப் போனால், "எஸ்.பி. ஆபீசுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள், அரைநாள் கூலி போனதுதான் மிச்சம். தொல்லை தருபவர் எந்த நிலையத்தில் வேலை செய்கிறார் என்பதைப் பாருங்கள். உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது இரண்டாவதுதான்.

கோவை, ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டங்களுக்குக் கோவைச் சரக டி.ஐ.ஜி.யும், சேலம், நாமக்கல்லுக்குச் சேலம் சரக டி.ஐ.ஜி.யும் மேலதிகாரிகள், இவர்களுக்கு மேலே கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி. இருக்கிறார். கரூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்: பேச்சும் உறவும் கொங்காக இருந்தாலும் காவல்துறைக் கணக்கில் கரூர் திருச்சிச் சரகம், பழனி திண்டுக்கல் சரகம்.

காவல் கண்காணிப்பாளர் அலுவலகங்களிலும் ஆணையரகங்களிலும் புதன்கிழமைதோறும் குறைகேட்பு நடக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். மூன்று பிரதிகள் எடுத்துப்போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்திருந்தாலும், அதே மனுவை ஒப்புகை அட்டையுடன் தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டதால், விரைவுத் தபாலில் ஒப்புகையும் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஓர் உறைக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். பின்னால் நீதிமன்றம் போகும்போது, கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பியதற்கான சான்று இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது என்பதால் இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுக்கலாம். 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டப்படி மாவட்டக் காவல் புகார் ஆணையத்தின் தலைவரும் ஆட்சியர்தான். எனவே மனுவில் அவருடைய அந்தப் பொறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் பட்டா மாறுதல் மனுக்களோடு உங்கள் மனுவும் கலந்துவிடும். முதல்வரின் முகவரிக்கு 1100இல் பதியலாம். அதற்கு மேல் பதினைந்து முகவரிகளுக்கு அனுப்பிப் பயனில்லை. எல்லாம் கடைசியில் ஒரே துணைக் கண்காணிப்பாளர் மேசைக்குத்தான் இறங்கி வரும்.

நம் பக்கத்து வழக்கம், மனுவுக்கு முன்னால் தெரிந்த ஆளைப் பிடிப்பது. கட்சிக்காரர், ஊர்ப் பெரியவர், ஓய்வுபெற்ற ஏட்டு என்று யாராவது "நாம் பேசிக்கறேனுங்க" என்பார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார், ஆனால் அந்தப் பேச்சில் தாள் எதுவும் உண்டாவதில்லை. உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்ற செய்தி மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

6. விசாரணைக்குக் கூப்பிடும்போது

பொதுவாகத் துணைக் கண்காணிப்பாளரோ உதவி ஆணையரோ சில வாரங்களில் அழைப்பார். யாரைப் பற்றி மனு கொடுத்தீர்களோ அதே நிலையத்திலிருந்தே அழைப்பு வந்தால் போகாதீர்கள். புகாருக்கு உள்ளானவரே விசாரிப்பது முறையல்ல என்று அன்றே கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்.

விசாரணை அறையில் மனுவில் உள்ளதையே சொல்லுங்கள். புதிதாக நினைவு வந்ததை எழுதிக் கொடுங்கள். "இனிமே அவர் வரமாட்டாருங்க, திருப்தின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க" என்பது இங்கே கட்டாயம் வரும். எழுதிக் கொடுத்தால் மனு முடிந்தது. மறுமாதம் அவர் திரும்ப வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சமாதானம் உங்களுக்கு உண்மையாகவே போதும் என்றால், "மேற்கொண்டு தலையிடமாட்டார் என்று அதிகாரி உறுதியளித்ததன் பேரில் தற்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன், மீண்டும் நடந்தால் இதே மனுவின் மீது நடவடிக்கை வேண்டும்" என்று எழுதி நகல் வாங்குங்கள்.

வெறும் துறை நடவடிக்கையில் பெரிய தண்டனையை எதிர்பார்க்க வேண்டாம். ஆயுதப்படைக்கு மாற்றுவதுதான் நான் அதிகம் கேள்விப்பட்டது. பலருக்கு அதுவே போதும். எனக்கும் போதுமாக இருந்தது.

7. பதில் இல்லையென்றால் தகவல் உரிமை மனு

முத்திரை வாங்கி ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால், மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். என் மனு யாருக்கு அனுப்பப்பட்டது, எந்தத் தேதியில், விசாரணை அறிக்கையின் நகல் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடைக்காது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல சமயம் இந்த மனு போன பிறகுதான் தூங்கிக்கொண்டிருந்த கோப்பு எழும்.

8. மூன்று தனி வழிகள்

பணம் கேட்கிறார் என்றால் மேலே சொன்ன வழியில் போகாதீர்கள். லஞ்ச ஒழிப்புத்துறைக்கு நேராகப் போங்கள்; 1064 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டாயத்தின் பேரில் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், கொடுத்த ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் கொடுத்த குற்றம் உங்கள் மீது வராது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தம் இது. ஏழு நாள் என்பது யோசித்துக்கொண்டிருந்தால் போய்விடும்.

பெண்களுக்கு: தனிப்பட்ட செய்தி அனுப்ப வேண்டாம் என்று ஒருமுறை தெளிவாகப் பதில் எழுதுங்கள். அதன் பிறகும் வந்தால் அது பி.என்.எஸ். 78இன் கீழ் பின்தொடர்தல். பாலியல் நோக்கத்தோடு பேசினால் 75. இவற்றை நேரடியாகக் கண்காணிப்பாளரிடம் கொடுப்பதே நல்லது. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பதிந்து அந்தப் பதிவு எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லித் திட்டினாலோ, அவர்கள் கொடுத்த புகாரைப் பதிய மறுத்தாலோ 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கு அதன் 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. சாதிச் சான்றிதழ் நகலை மனுவோடு இணைக்க மறக்காதீர்கள்.

9. மாநில மனித உரிமை ஆணையம்

கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, தமிழில் எழுதலாம். முகவரி: திருவரங்கம், 143, பி.எஸ். குமாரசாமி ராஜா சாலை, சென்னை 600028. ஆணையம் கோவையிலும் அமர்வு நடத்துவதால், விசாரணை வரும்போது அங்கே வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் ஏற்காது. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஒன்று மற்றதைக் காட்டி மூடிவிடும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தையும் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். அறிக்கை கேட்டு, இரு தரப்பையும் விசாரித்து, குறுக்கு விசாரணையும் முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஆனால் முடிவில் இழப்பீட்டை அந்தக் காவலரின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யும்படி ஆணையம் சொல்வதுண்டு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது.

10. நீதிமன்றம்

இரண்டு வாசல்கள் உள்ளன. காவலர் மீது வழக்குப் பதிய வேண்டும் என்றால், நிலையம் மறுத்து, கண்காணிப்பாளரும் பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி நடவடிக்கை எடுக்காத பிறகு, நீதித்துறை நடுவரிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனு செய்ய வேண்டும். நடந்தது அவருடைய அலுவல் சார்ந்தது என்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் அவருடைய விளக்கத்தையும் பெற்ற பிறகே நடுவர் உத்தரவிட முடியும் என்று 175(4) சொல்கிறது. புதிய சட்டத்தில் வந்த இந்தத் தடையால் காலம் நீளும். சீருடையில்லாமல் வந்தார், எண்ணில்லாத மனுவுக்கு அழைத்தார் என்ற உங்கள் நோட்டுக் குறிப்பெல்லாம் உதவுவது இங்கேதான். அது அலுவலே இல்லை என்று வாதாட அவைதான் கையில் இருக்கும்.

தொல்லை நின்றால் போதும் என்பவர்களுக்கு உயர் நீதிமன்றம் நேர்வழி. விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது என்று உத்தரவிடக் கோரும் மனுக்கள் அங்கே அன்றாடம் வருகின்றன. எழுத்துமூலம் அழைக்க வேண்டும், விசாரித்ததைப் பொது நாட்குறிப்பில் பதிய வேண்டும், துன்புறுத்தக் கூடாது என்ற வகையில் உத்தரவு கிடைக்கும். வழக்கு விசாரணையை நிறுத்திவைக்க மாட்டார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், நீலகிரி மாவட்டத்தினர் சென்னைக்கும், கரூர், திண்டுக்கல் மாவட்டத்தினர் மதுரைக் கிளைக்கும் போக வேண்டும். நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. வக்காலத்திலும் வாக்குமூலத்திலும் உள்ளூரிலேயே கையெழுத்திட்டு அனுப்பலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு நிலையான விகிதம் கிடையாது என்பதால், தட்டச்சு, தாக்கல் செலவுகள் உட்பட மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பிரிவு எண்ணில் ஒரு குழப்பம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் பழைய சட்டத்தில் 482; இப்போது அது 528. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். பழைய மாதிரி மனுவைப் பார்த்து எண் போட்டால் வேறு மனுவாகிவிடும்.

பணம் இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பலருக்குத் தெரியாது.

11. பதிலுக்கு வழக்குப் போட்டால்

மனு கொடுத்த பிறகு உங்கள் மீது திடீரென ஒரு புகார் முளைக்கலாம். அல்லது அமைதியைக் குலைக்க மாட்டேன் என்பதற்கான பிணை கேட்டு பி.என்.எஸ்.எஸ். 126இன் கீழ் கோட்டாட்சியரிடமிருந்து நோட்டீசு வரலாம். இரண்டிலும் முதல் தற்காப்பு, உங்கள் மனுவில் உள்ள முத்திரைத் தேதி அந்தப் புகாரின் தேதிக்கு முந்தியது என்பதுதான். முன்ஜாமீன் மனுவிலும் கோட்டாட்சியர் முன் கொடுக்கும் விளக்கத்திலும் அந்த நகலை முதல் இணைப்பாக வையுங்கள். நோட்டீசுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கோபத்தில் காணொளியைச் சமூக ஊடகத்தில் போடுவதை இந்தக் கட்டத்தில் தள்ளிவைப்பது நல்லது. அதில் உங்கள் சாட்சிகளின் முகமும் தெரிந்துவிடும். அடுத்து அழைப்பு அவர்களுக்குப் போகும்.

12. அவர் மாற்றலாகிப் போன பிறகு

தகராறு அப்படியேதான் இருக்கும். எதிராளி புதிதாக வருபவரிடமும் போவார். எனவே இடையில் கிடைத்த நேரத்தில் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (தடையாணை) வழக்கைத் தாக்கல் செய்து, இடைக்கால உத்தரவு வாங்க முயலுங்கள். புதிய ஆய்வாளர் பொறுப்பேற்ற வாரமே அந்த உத்தரவின் சான்றிட்ட நகலையும், பழைய மனுவின் நகலையும், விசாரணையின் முடிவையும் ஒரு முகப்புக் கடிதத்தோடு ரைட்டரிடம் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது தர மறுத்தால் அதே கட்டை அன்று மாலையே ஒப்புகையுடன் தபாலில் அனுப்பிவிடுங்கள்.